மக்கள்தொகைக் கணக்கில் தமிழ், வகுப்பறையில் தெலுங்கு: எருகல மொழிக்கு என்ன நடக்கிறது?

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர் என்றால் புத்தூரைக் கண்டிப்பாகக் கடந்திருப்பீர்கள். திருத்தணி, நகரி, அடுத்து புத்தூர். எலும்பு முறிவுக்குப் போடும் 'புத்தூர் கட்டு' இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஊர் ஆந்திராவில் இருந்தாலும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஓடும். தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு மொழியும் இருக்கிறது. அது எந்தக் கடைப் பலகையிலும் இருக்காது, பஸ் போர்டிலும் இருக்காது. எருகல என்பது அதன் பெயர்; குர்ரு என்றும் சொல்வார்கள். ஆந்திரா, தெலங்கானாவில் பட்டியல் பழங்குடியாக உள்ள எருகலர்களின் தாய்மொழி அது. தெலுங்கு மண்ணில் பேசப்பட்டாலும் மொழிக் குடும்பத்தில் அது தெலுங்கைவிடத் தமிழுக்கே நெருக்கம்.

எவ்வளவு நெருக்கம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டால், 'அது தமிழேதான்' என்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 6,90,26,881 பேர். நாம் பெருமையாகச் சொல்லும் அந்த 6.9 கோடிக்குள் சுமார் 58 ஆயிரம் எருகல மொழிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை முதல் வகுப்புக்குள் நுழையும்போது எதிரே இருப்பது தெலுங்குப் புத்தகம், அல்லது ஆங்கிலப் புத்தகம். கணக்கில் ஒரு மொழி, வகுப்பறையில் இன்னொன்று, அடுப்படியில் மூன்றாவது.

எருகலர்கள் யார்?

தெலுங்கில் 'எருக' என்றால் அறிவு. குறி என்றும் பொருள். 'எருக சொல்வது' என்றால் குறி சொல்வது. இந்தச் சமூகத்துப் பெண்கள் குறி சொல்வதில் பேர்போனவர்கள் என்பதால் பெயர் அப்படி நிலைத்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கூடை, முறம் முடைவது, பன்றி வளர்ப்பது ஆகியவையும் அவர்களுடைய பழைய தொழில்கள்.

மாநில எல்லை தாண்டினால் பெயர் மாறும். தமிழ்நாட்டில் குறவர், கொரவர். கர்நாடகாவில் கொரச்சா, கொரமா. மகாராஷ்டிராவில் கைக்காடி. இவர்கள் எல்லாரும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவர்கள் என்று நூறு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அரசு ஆவணத்தில் ஆந்திராவில் இவர்கள் பட்டியல் பழங்குடி, கர்நாடகாவில் பட்டியல் சாதி. மொழியைக் காப்பாற்ற யாராவது திட்டம் போட்டாலும் அது ஒரு மாநிலத்தின் பழங்குடியினர் நலத்துறைக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த மாநிலத்தில் அந்தத் துறைக்கு இவர்கள் சம்பந்தமே இல்லாதவர்கள்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இவர்களுடன் யானாதி, சுகாலி சமூகத்தினரும் வாழ்கிறார்கள். யானாதிகள் பேசுவது தெலுங்கின் ஒரு வடிவம். சுகாலிகளின் லம்பாடி மொழி ராஜஸ்தானி வகையைச் சேர்ந்தது, திராவிட மொழியே அல்ல. ஆக, 'பழங்குடி மொழி' என்று ஒரே பெட்டியில் போட்டு ஒரே தீர்வு சொல்ல முடியாது.

சரி, அது தமிழா, தனி மொழியா?

மொழி எங்கே முடிகிறது, வட்டார வழக்கு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அளவுகோல் கிடையாது. 1906-ல் வெளிவந்த கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வின் நான்காம் தொகுதி, கொரவ, கைக்காடி, இருள ஆகியவற்றைத் தமிழின் கிளைவழக்குகளாக வைத்தது. கணக்கெடுப்பு இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் போகிறது: தமிழ் என்ற தலைப்பின் கீழ் இருளர் மொழி, கைக்காடி, கொரவ, எருகல. இன்னொரு பக்கம், உலக மொழிகளுக்குத் தரக் குறியீடு கொடுக்கும் பட்டியலில் எருகலவுக்குத் தனிக் குறியீடு இருக்கிறது. அங்கே அது தனி மொழி.

நம்மில் பலருக்கு இந்த இடத்தில் ஒரு சின்னக் குஷி வரும். 'பார்த்தியா, ஆந்திராவிலும் தமிழ்!' என்று. வடவேங்கடம்தான் தமிழுக்கு வடக்கு எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்வதும் நினைவுக்கு வரும். அந்தக் குஷியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். தமிழ் என்று எண்ணப்படுவதால் எருகல மொழிக்குக் கிடைத்த பலன் என்ன? அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தமிழ் இருக்கிறது. எனவே அதற்குள் அடங்கிய எருகல, பட்டியலில் இல்லாத 99 மொழிகளின் வரிசையில் தனியாகத் தெரிவதில்லை. அதற்காகத் தமிழ்ப் பாடநூல் அந்த வீட்டுக்குப் போகிறதா என்றால், அதுவும் இல்லை. போனாலும் பெரிய உதவி இருக்காது. அவர்கள் பேசுவது நம் பாடநூல் தமிழ் அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. மைசூருவில் உள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம், அழியும் நிலையில் உள்ள மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்றை 2013 முதல் நடத்துகிறது. 10 ஆயிரம் பேருக்கும் குறைவாகப் பேசும் மொழிகளுக்கானது அது. எருகல பேசுகிறவர்கள் 58 ஆயிரம். அழிவுப் பட்டியலுக்கு எண்ணிக்கை அதிகம், அட்டவணை மொழிக்கு எண்ணிக்கை போதாது. நடுவில் மாட்டிக்கொண்ட மொழி.

எண்ணிக்கை மட்டும்தான் ஒரு மொழியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். புத்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், திருப்பதியில், தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2020 முதல் அது மத்தியப் பல்கலைக்கழகம். 2011-ல் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நாடு முழுக்க 24,821 பேர். சமஸ்கிருதத்துக்குப் பெரிய இலக்கியம் இருக்கிறது, அதைப் படிக்க நிறுவனம் வேண்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் வீட்டில் பேசும் மொழிக்கு ஒரு முதல் வகுப்புப் புத்தகம் கேட்பது பேராசை ஆகாதே.

எண்ணிக்கை ஏன் சரிகிறது?

2001 கணக்கெடுப்பில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவில் எருகலர்கள் 4,37,459 பேர். அதே ஆண்டில் எருகலவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இந்தியா முழுக்கச் சேர்த்தே ஏறக்குறைய 69 ஆயிரத்து 500. ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. 2011-ல் சமூகத்தின் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. மொழி பேசுபவர்கள் 58 ஆயிரமாக இறங்கினார்கள். ஆட்கள் கூடுகிறார்கள், மொழி குறைகிறது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் முடியாது. வீட்டில் எருகல பேசிவிட்டு, கணக்கெடுக்க வந்தவரிடம் 'தெலுங்கு' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

ரயில் வருவதற்கு முன்பு இந்தச் சமூகத்தில் பலர் வியாபாரிகள். கடற்கரையிலிருந்து உப்பை மாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து தானியம் கொண்டுவருவார்கள். நடமாட்டமே அவர்களுடைய தொழில். பிரிட்டிஷ் அரசின் உப்பு ஏகபோகமும் ரயில்பாதையும் அந்தத் தொழிலை உடைத்தன. (புத்தூர் வழியாக இன்று நீங்கள் போகும் அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையும் அந்த 19ஆம் நூற்றாண்டு ரயில்பாதைகளில் ஒன்றுதான்.) பிழைப்பு போனது, நடமாட்டம் தொடர்ந்தது, அரசுக்கு அது சந்தேகமாகப் பட்டது. இந்தக் கதையை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார்.

1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் செயலுக்கு வந்தது. எருகலர் குழுக்கள் பல அதில் அறிவிக்கப்பட்டன. இன்றைய பாபட்லா மாவட்டத்தில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவான குடியேற்றம். இரட்சணிய சேனை நடத்தியது. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாது. இந்தச் சமூகத்தைப் பற்றி 1905-ல் ஒரு முழு நூல் எழுதியவர், பாப்பாராவ் நாயுடு என்ற போலீஸ் அதிகாரி. யார் கண்ணுக்கு இவர்கள் முதலில் 'ஆராய்ச்சிப் பொருளாக' ஆனார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் சட்டம் நாடு முழுக்க ரத்தானது. முத்திரை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. வெளியாருக்குப் புரியாத மொழி பேசினால் 'ஏதோ ரகசியம் பேசுறாங்க' என்று பார்ப்பார்கள் என்ற நிலையில், பொது இடத்தில் தாய்மொழியில் பேசுவதே ஆபத்து. பிள்ளைக்கு அதைக் கொடுக்காமல் விட்டால் பிள்ளை தப்பிக்கும். ஒரு அம்மா அப்படி முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

'மக்கள் தங்கள் மொழியை மறந்துவிட்டார்கள்' என்ற வாக்கியத்தை எங்கே படித்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மறப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ கொடுத்த விலைப்பட்டியல் இருக்கும்.

பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தில் குறை இல்லை. அரசமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, 1956-ல், ஏழாவது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. 2009 கல்வி உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு இயன்றவரை தாய்மொழி வழி என்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது 5ஆம் வகுப்பு வரை என்கிறது. கூடவே 'இயன்ற இடங்களில்' என்று ஒரு வார்த்தையையும் வைத்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ மொழிகள் காணாமல் போகும்.

நல்ல செய்தியும் உண்டு. 2004-ல் ஒன்றுபட்ட ஆந்திரா, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வழிப் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது. கோண்டி, கோயா, கோலாமி, குவி, கொண்டா, சவரா, ஆதிவாசி ஒரியா, பஞ்சாரா என்று எட்டு மொழிகளில் தெலுங்கு எழுத்தில் பாடநூல்கள் தயாராயின. முதலில் வீட்டு மொழியில் படிக்கக் கற்று, அதன் மேல் தெலுங்கையும் பிறகு ஆங்கிலத்தையும் படிப்படியாக ஏற்றுவது திட்டம். ஒடிசா 2006-07-ல் பத்து மொழிகளுடன் இதே வழியில் இறங்கியது.

இந்த எட்டில் எருகல இல்லை. பஞ்சாரா, அதாவது லம்பாடி, இருக்கிறது. காரணம் ஓரளவு ஊகிக்கக்கூடியதே. கோயா, சவரா மக்கள் மலைப்பகுதிகளில் ஊர் ஊராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். லம்பாடிகளுக்குத் தாண்டாக்கள் உண்டு. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பதும் ஒரே மொழி. எருகலர்கள் சமவெளியில் ஊருக்குப் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறியிருப்பவர்கள். ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளை எருகல, பத்துப் பிள்ளை தமிழ், மீதி தெலுங்கு என்றிருந்தால் எந்த மொழியில் முதல் பாடம் நடத்துவது?

முழுப் பள்ளியையும் ஒரு மொழிக்கு மாற்றும் மாதிரி இங்கே ஓடாது. ஓடக்கூடியவை சின்ன ஏற்பாடுகள்: அங்கன்வாடியில் அந்த மொழி தெரிந்த ஒரு ஆயா, விடுதிப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கோடை விடுமுறையில் பாட்டிகளை வைத்துக் கதை வகுப்பு. முக்கியமாக விடுதிகள். பழங்குடியினர் நலத்துறையின் உறைவிடப் பள்ளிகளால் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் வீட்டைவிட்டு வருஷம் பூரா விடுதியில் இருக்கும் பிள்ளையிடம் வீட்டு மொழி எவ்வளவு மிஞ்சும்? அந்த இரண்டு மணி நேரத்தை அங்கேதான் போட வேண்டும்.

இதற்கிடையில் ஆந்திர அரசு 2019-ல் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் அதை ரத்து செய்தது. அந்த விவாதம் முழுக்கத் 'தெலுங்கா, ஆங்கிலமா' என்றே நடந்தது. ஆங்கிலம் வேண்டும் என்று கேட்ட ஏழைப் பெற்றோரின் பக்கத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வீட்டில் இரண்டும் பேசாத பிள்ளையைப் பற்றித்தான் பெரிதாகப் பேச்சில்லை.

ஆந்திராவிலேயே ஒரு முன்னோடி

ஆகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாள். அது கிடுகு வெங்கட ராமமூர்த்தியின் பிறந்தநாள். புலவர் நடைக்கு எதிராக மக்கள் பேசும் தெலுங்கைப் பள்ளிக்குள் கொண்டுவரப் போராடியவர் என்று தெலுங்கர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்தபோது, மலையில் வாழும் சவரர்களின் மொழியை அவர்களிடமிருந்தே கற்றார். கைக்காசைப் போட்டு அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பள்ளி நடத்தினார். அவருடைய சவரா மொழிக் கையேடு 1931-ல் வந்தது, சவரா - ஆங்கில அகராதி 1938-ல். சவரா திராவிட மொழிகூட அல்ல, முண்டா குடும்பம். அவருக்குச் சொந்தம் கொண்டாட அதில் ஒன்றும் இல்லை. 2004 திட்டத்தின் எட்டு மொழிகளில் சவராவும் ஒன்று என்பதைப் பார்க்கும்போது, இலக்கணமும் அகராதியும் கையில் இருப்பது எவ்வளவு பெரிய முதல் என்று புரிகிறது.

புத்தூர்த் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை என்ன?

சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது அது யாருக்கு என்ற சண்டை பெரிதாக நடந்தது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைப் படித்திருப்பீர்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. புத்தூர் ஆந்திராவிலேயே தங்கியது. கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பெரும்பான்மை என்று பார்த்துப் பிரித்தார்கள். கேள்வி தமிழா தெலுங்கா என்பது மட்டும்தான்.

அதன் பிறகு இங்குள்ள தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர். தமிழ்வழிப் பள்ளி வேண்டும், ஆசிரியர் இடத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு 350-அ பிரிவு இருக்கிறது, பக்கத்து மாநிலத்தில் ஒரு அரசே இருக்கிறது, பாடநூல் அச்சாகிறது. கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எருகலப் பிள்ளைக்கு எல்லை தாண்டிக் கொண்டுவர ஒரு பாடநூல் கழகம் எங்கேயும் இல்லை. தெலுங்கு நாட்டில் தமிழுக்கு என்ன கேட்கிறோமோ, அதை எருகலவுக்கும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயம். தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. ஆவணப்படுத்துவது முதல் படி. வகுப்பறைக்குள் போவது அடுத்தது.

எந்த எழுத்தில் எழுதுவது?

'தமிழ்ச் சொந்தம்தானே, தமிழ் எழுத்தில் எழுதலாமே' என்று நமக்குத் தோன்றும். வேண்டாம் என்பேன். புத்தூரில் வளரும் எருகலப் பிள்ளை பஸ் போர்டையும் ரேஷன் கார்டையும் படிப்பது தெலுங்கு எழுத்தில். ஒரே எழுத்தில் இரண்டு மொழி என்றால் சுமை பாதி. கூடுதல் வசதி, தெலுங்குக்கு விசைப்பலகையும் எழுத்துருவும் ஒவ்வொரு போனிலும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய எழுத்து உருவாக்கினால் ஒருங்குறியில் இடம் வாங்கவே வருடங்கள் ஆகும். புதிய எழுத்து ஒரு சமூகத்துக்குப் பெருமை தரும் என்பதும் உண்மைதான். சவரர்களுக்கு 1936-ல் மங்கேய் கமாங்கோ தனி எழுத்தே உருவாக்கினார். எதுவானாலும் முடிவு எருகலர்களுடையது, நம்முடையது அல்ல.

வெளியே எங்காவது இது நடந்திருக்கிறதா?

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-ல் 'மொழிக்கூடு' என்ற பெயரில் மழலையர் மையங்களைத் தொடங்கினார்கள். மொழி தெரிந்த தாத்தா பாட்டிகள், பள்ளிக்குப் போகாத குழந்தைகள், நடுவில் ஆங்கிலம் கிடையாது. அவ்வளவுதான் திட்டம். 1987-ல் மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழி ஆனது. ஹவாய்த் தீவினரும் அதே வழியைப் பின்பற்றினார்கள். கட்டடம் வேண்டாம், பட்டப்படிப்பு வேண்டாம், மொழி தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. அந்தமானில் ஆகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா 2010 ஜனவரியில் இறந்தபோது, அந்த நிபந்தனை அங்கே முடிந்துபோனது. எருகலவுக்கு இன்னும் முடியவில்லை. 58 ஆயிரம் என்பது சின்ன எண் அல்ல.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால், பெங்களூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்தாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் போனை வைத்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். கூடை முடையும்போது ஈச்ச ஓலையின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர், உறவுமுறைகள், நோய்ப் பெயர்கள், திட்டுகள் உட்பட. தொழிலோடு போகும் சொற்கள்தான் முதலில் போகும். பிறகு தெலுங்கு எழுத்தில் எழுதி வையுங்கள்.

வெளியாள் என்றால், கூப்பிடாமல் மைக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போலீஸ் குறிப்பேட்டில் பல தலைமுறை பதிவானவர்களுக்குப் பதிவு என்றாலே இனிமையான நினைவு இருக்காது. அவர்கள் கேட்டால் தொழில்நுட்ப வேலையைச் செய்து கொடுங்கள். பதிவின் பிரதி முதலில் அவர்களுக்குப் போகட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் உள்ள சிறார் கதைகளை மொழிபெயர்த்து அச்சிடலாம். மத்திய அரசின் பாஷினி 22 அட்டவணை மொழிகளுக்கானது. 2025-ல் வந்த ஆதி வாணி செயலி சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டியுடன் தொடங்கியது. அதுபோன்ற கருவிக்குள் ஒரு மொழி நுழைய வேண்டுமானால் முதலில் ஒலிப்பதிவும் எழுத்தும் கையில் இருக்க வேண்டும்.

கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதில் தாய்மொழி என்று ஒரு கேள்வி வரும். கணக்கெடுப்பு விதிப்படி தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் அம்மா உங்களிடம் பேசிய மொழி. மாநிலத்தின் மொழியோ, பள்ளியில் படித்த மொழியோ அல்ல. சொல்லும் பெயர் வேறொரு மொழியின் கிளையா என்று தீர்மானிப்பது கணக்கெடுப்பாளரின் வேலை இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று அவருக்கு அறிவுறுத்தல் உண்டு. 2011-ல் மக்கள் சொன்ன 19,569 பெயர்கள் இப்படித்தான் பதிவாயின. பிறகுதான் அலுவலகத்தில் அவற்றைச் சேர்த்துக் கோத்து 121 மொழிகளாகச் சுருக்கினார்கள். சுருக்குவது அவர்கள் வேலை. வாசலில் நின்று 'எருகல' என்று சொல்வதும், அவர் 'தெலுங்கு' என்று எழுதினால் திருத்தச் சொல்வதும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.